சத்தம் வராத பந்து

விசைப்படகில் பத்து நாள் கிடந்துவிட்டு, அன்று மதியம்தான் என் கணவர் காசிமேட்டில் இறங்கி வீட்டுக்கு வந்து படுத்தார். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே நுழைந்தால், மகள் அவர் தலைமாட்டில் நின்று வாலிபாலை விரல்நுனியால் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தைப் பிடுங்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். பந்து சிமெண்ட் ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே வரை போய், அவர் முகத்துக்கு மேலே அவள் விரல்களில் வந்து உட்கார்ந்து, மறுபடி ஏறியது. துளிச் சத்தமில்லை. நைனா தூங்கும்போது சத்தம் வரக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து அவளை அதட்டியவள் நான்தான். அது இப்படி விரலுக்குள் இறங்கியிருக்கும் என்று யார் கண்டது?

“மெதுவாடி, முழிச்சிக்கப் போறாரு” என்றேன்.

பாயிலிருந்து குரல் வந்தது. “கம்முனு இருமே, எண்ணிக்கினு கீறேன். முந்நூத்திப் பன்னெண்டு.”