என் மூக்குக்கு மட்டும் வந்த கருகல்

கொரோனா வந்து பதினாறு நாள் படுத்து எழுந்தேன். பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்ததும் தெருவே எனக்குப் பூரண குணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. என் மூக்குக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. எந்நேரமும் ஒரு கருகல் வாசம். காபி கருகியது, சோப்பு கருகியது, குளிக்கிற தண்ணீரும் கருகியது.

வேறு வேலையென்றால் பரவாயில்லை. நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர்.

வேலைக்குத் திரும்பிய அன்றே, குச்சிக்கு மருந்து முக்குகிற கொட்டகையில் நின்றபோது கருகல் குப்பென்று ஏறியது. "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன். நாற்பது பெண்கள் தெருவுக்கு ஓடினார்கள். முதலாளி அவர்களுக்கு முன்பே தெருவில் நின்றுகொண்டிருந்தார். தேடிப் பார்த்தால் ஒன்றுமில்லை. அந்த வாரமே இன்னும் இரண்டு தடவை ஓடினோம். மூன்றாம் தடவை பெண்கள் சாவகாசமாகச் சாப்பாட்டு வாளியோடு வெளியேறி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

முதலாளி கூப்பிட்டுவிட்டார். "ஓய், தீப்பிடிச்சா மூக்கு சொல்லணும். ஒம்ம மூக்கு சொன்னா தீப்பிடிக்கணும்ங்குதீரே!"

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "எல்லாம் நார்மல்" என்றார். "கருகுதே டாக்டர்" என்றேன். "அதுவும் நார்மல்தான், கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு இப்படி இருக்கும்" என்றார்.

விளாத்திகுளத்திலிருந்து வந்த என் மச்சான் இதை ஒப்பவில்லை. "நெச நெடியக் காட்டுனா பொய் நெடி ஓடிரும்" என்று கைப்பிடி மிளகாய் வத்தலை அடுப்புக் கங்கில் போட்டார். தெருவே இருமியது. என் மனைவி கண்ணைக் கசக்கியபடி, "நாளைக்கு ஒங்க வீட்டுல வச்சு வைத்தியம் பாருங்கண்ணே" என்றாள். எனக்கோ அதே பழைய கருகல்தான்.

அதன்பின் கத்துவதை விட்டுவிட்டேன். கருகல் ஏறினால், பண்டல் கட்டுகிற அக்காவிடம் மெதுவாகக் கேட்பேன். "இல்ல அண்ணாச்சி, சும்மா இருங்க" என்பார். இரண்டு மாதம் அவர் மூக்கை நம்பியே பிழைப்பு ஓடியது.

ஒருநாள் மத்தியானம் அவரே, "அண்ணாச்சி, கருகுது" என்றார்.

"எனக்கு ரெண்டு மாசமாக் கருகுதுக்கா."

"அய்யோ அண்ணாச்சி, இது நெசம்!"

மூலையில் கழிவுக் குச்சிக் குவியல் புகைந்துகொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து நின்ற நேரத்தில் அந்த அக்கா மணல் வாளியைத் தூக்கிக் கொட்டி அமர்த்திவிட்டார்.

தீப்பாதுகாப்பு ஆய்வுக்கு அதிகாரி வந்தபோது முதலாளி நெஞ்சை நிமிர்த்தி, "இவியதான் சார் முன்கூட்டியே மூணு ஒத்திகை நடத்துனது" என்று என்னைக் காட்டினார். அதிகாரி கைகொடுத்துப் பாராட்டினார். அந்த அக்கா பண்டல் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், தீயை அமத்துனது அந்த அக்கா" என்றேன். "அடக்கமான ஆளு" என்று அதற்கும் என்னையே பாராட்டினார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள், பஸ் ஸ்டாண்டு பின்னால் போகும்போது சாக்கடை நாறியது. சுத்தமான, கருகல் கலப்படமில்லாத சாக்கடை நாற்றம். அங்கனயே நின்று இரண்டு தடவை மூச்சை ஆழமாக இழுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போன ஒருவர் நின்று, "என்ன அண்ணாச்சி, மயக்கம் வருதா?" என்று கேட்டார்.