சுண்டெலியின் இடுப்பு

பொங்கலூரில் எங்கள் பண்ணைக் கோழிகள் கழுத்து துவண்டு சாகத் தொடங்கின. அதே கொட்டகைக் கோழியை முந்தின நாள்தான் வீட்டில் குழம்பு வைத்துத் தின்றிருந்தோம். கோழி ரத்தம் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன்.

சோதித்தவர் ஒல்லியான மனிதர். எலிக் கூண்டருகே நின்றாலே இரண்டு கையாலும் தன் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

காலையில் கோழியின் ரத்தநீரை இரண்டு சுண்டெலிகளுக்கு ஊசியில் ஏற்றியிருந்தார். கழுத்தைத் துவளவைக்கும் விஷத்துக்கு முறிவு மருந்தும் சேர்த்துப் போட்ட எலி, மத்தியானம் துள்ளி ஓடியது. மற்றது மூச்சுக்குத் திணறியது. இழுக்க இழுக்க அதன் இடுப்பு குளவியுடையதைப் போல ஒட்டிக்கொண்டே போனது.

"இதுக்கெல்லாம் மிஷின் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. விஷம் இருக்குதுன்னு அது சொல்லும். கொல்லுமான்னு இதுதானுங்க சொல்லோணும்."

எலி அடங்கியது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க மூச்சு விடுங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் கைகளும் என் இடுப்பைப் பிடித்திருந்தன.