அடிவாரத்தில் பிடுங்கிய பிளாஸ்டிக்

சோதனைச் சாவடியில் வேலை பார்ப்பவர்களுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, கார் டிக்கிதான் நிற்கும்.

ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்தி, பிளாஸ்டிக் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. வாங்கி என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பிடுங்குவதுதான். ஏதோ ஒரு கேட்டில் நின்றுகொண்டு "இது கூடாதுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லி வயிறு வளர்க்கும் அத்தனை பேருக்கும் என் பாடு புரியும். நம்மை யாரும் ஒருநாளும் வாழ்த்திவிட்டுப் போவதில்லை.

நான் இதற்கு வந்ததற்குக் காரணம் உண்டு. நாகலூரைத் தாண்டி எங்கள் ஊர். ஊருக்கு மேலே ஒரு பள்ளத்தில்தான் மலையின் குப்பை முழுவதையும் கொட்டுகிறார்கள். மழை பெய்தால் அந்தக் குப்பையை ஊறவைத்து வரும் தண்ணீர் எங்கள் ஓடையில் கலக்கும். ஓடைத் தண்ணீர்தான் ஊர்த் தொட்டிக்கு வருகிறது, அதைத்தான் குடிக்கிறோம். என் மகள் ஜெனிஃபருக்கு மழைக்காலம் வந்தாலே வயிறு கெட்டுவிடும். கீழேயே தடுத்துவிட்டால் மேலே குப்பை குறையும், தண்ணீர் தெளியும் என்று நம்பி, காபி எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன்.

பிறந்தநாள் கார்

ஒரு சனிக்கிழமை, சென்னையிலிருந்து ஒரு குடும்பம். டிக்கியைத் திறந்தால் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன், பலூன் கட்டு, மேலே தூவுவதற்கு மின்னும் தூள். பிள்ளையின் பிறந்தநாளை வியூ பாயிண்டில் கொண்டாடப் போகிறார்களாம். கேக்கை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்து வைத்தேன். அந்த அம்மாள் காருக்குள்ளேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கணவர் மட்டும் இறங்கி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஏம்மா, எங்க ஊர் பூரா குப்பையாயிடுச்சுன்னுதானே சுத்தமான எடமாத் தேடி இவ்ளோ தூரம் வர்றோம். இங்கயும் போட விடலைன்னா எப்படி?"

மஞ்சப்பை வந்த கதை

வெறுமனே பிடுங்கினால் ஜனங்கள் கோபிக்கிறார்கள், பதிலுக்குத் துணிப்பை கொடுக்கலாம் என்று மேலதிகாரிகள் முடிவு செய்தார்கள். நல்ல யோசனை, நானும் சந்தோஷப்பட்டேன். மஞ்சப்பைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. பிரித்தால், ஒவ்வொரு மஞ்சப்பையும் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. கம்பத்தைத் தூக்கி இறக்கும் பழனியண்ணனும் நானும் உட்கார்ந்து உரித்தோம். சாயங்காலத்துக்குள் அன்றைக்கு வண்டிகளில் பிடித்ததைவிடப் பெரிய குவியல் எங்களிடமே சேர்ந்துவிட்டது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "கவர் இல்லாம அனுப்புனா பை அழுக்காயிரும்மா. அந்தக் கவரையும் புடிச்ச ஐட்டத்தோட சேத்துக்குங்க, நம்ம சாவடிக்கு நல்ல பேரு வரும்."

தாகம் எடுத்தவர்கள்

ஒரு வேன் நிறைய சின்னச் சின்னத் தண்ணீர் பாட்டில்கள். ஒருநாளும் இவ்வளவு மொத்தமாகப் பார்த்ததில்லை. "இறக்குங்க" என்றேன். டிரைவர் இறக்கவில்லை, போனை நீட்டினார். மேலே பெரிய ஓட்டலில் சுற்றுச்சூழல் கருத்தரங்கமாம், விருந்தினர்கள் வெளியூர்க்காரர்களாம், போனில் எங்கள் ஆபீஸிலிருந்தே வண்டியை விடச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாப்பாவுக்குப் பால் கலக்க வைத்திருந்த பாட்டிலைக்கூட ஒரு தாயிடமிருந்து அன்று காலையில்தான் வாங்கி வைத்திருந்தேன்.

பழனியண்ணன் கம்பத்தைத் தூக்கினார். டிரைவர் போகிற போக்கில் கண்ணாடியை இறக்கிச் சமாதானம் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க்கா. பிளாஸ்டிக்க ஒழிக்கறதப் பத்தி நொம்ப நேரம் பேசோணுமாமுங்க, தொண்டை காஞ்சு போயிருமுல்ல?"

நீலப் புடவைக் கிழிசல்

பிடித்ததையெல்லாம் நான் சாக்கில் அடைத்துக் கட்டி வைப்பேன், லாரி வந்து எடுத்துப் போகும். எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றியதில்லை. கீழே பிடித்தது கீழேதான், சேலத்துக்குத்தான் போகும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை கயிறு தீர்ந்துபோய், என் பழைய நீலப் புடவையைக் கிழித்துச் சாக்குகளைக் கட்டி அனுப்பினேன்.

அந்த வாரம் ஞாயிறு பூசை முடிந்து வந்தால் ஊர்த் தொட்டியில் தண்ணீர் இல்லை. ஓடையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று பெண்களெல்லாம் மேலே ஏறிப் போனோம். குப்பைப் பள்ளத்திலிருந்து உருண்டு வந்த சாக்குகள் ஓடையை அடைத்துக்கொண்டு கிடந்தன. சாக்கின் வாயில் என் நீலப் புடவை. பக்கத்து வீட்டு ரோஸி அதைப் பார்த்துவிட்டு, "இது உன்ற சீலைதானே?" என்றாள்.

மறுநாள் லாரி டிரைவரை மறித்துக் கேட்டேன். சாவடி மலை ஆபீஸுக்குச் சேர்ந்ததாம், அதனால் சாவடியில் பிடிப்பதும் மலைக் குப்பையாம், மலைப் பள்ளத்தில்தான் கொட்ட வேண்டுமாம். சேலத்தில் வாங்க மாட்டார்களாம். கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்க ஏறி, நான் பிடுங்கியதையெல்லாம் அந்த லாரி என் ஊர் தலையில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. பழனியண்ணன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சொன்னார்: "நாம புடுங்காம உட்டிருந்தாக்கூட, வந்தவங்க பாதியையாவது காருலயே திருப்பிக் கொண்டுட்டுப் போயிருப்பாங்க கண்ணு."

எடை மெஷின்

சும்மா இருக்க முடியவில்லை. அடிவாரத்துப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசினேன். பாட்டிலைக் கழுவி நசுக்கிக் கொடுத்தால், பையைத் துடைத்து மடித்துக் கொடுத்தால், உருக்குகிற இடத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். காசு எதுவும் வேண்டாம், எடுத்துப் போனால் போதும் என்றேன். பழனியண்ணன் மிதித்து நசுக்க, நான் கழுவிக் கொடுத்தேன். லாரி பாதிக்குமேல் காலியாகவே மலை ஏறியது. பள்ளத்திலிருந்து புதுச் சாக்கு எதுவும் ஓடைக்கு வரவில்லை. நான் செய்த வேலைகளிலேயே அர்த்தமுள்ளது இதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் நேரிலேயே வந்துவிட்டார். கடைக்காரரை இனி சாவடிப் பக்கம் வரக்கூடாது என்று மிரட்டி அனுப்பினார். என்னிடம் கோபப்படவில்லை, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். "எடை மெஷின் மலை மேல குப்பை கொட்டற எடத்துலதான்மா இருக்குது. அங்க போய்ச் சேந்தாத்தான் நீங்க புடிச்சதாக் கணக்கு. எடை கொறஞ்சா, இங்க வேலையே நடக்கலைன்னு சாவடிய மூடிருவாங்க."

டூரிஸ்ட் குழாய்

இந்த மழைக்கு ஜெனிஃபருக்கு மறுபடியும் வயிறு கெட்டுவிட்டது. இந்த முறை சேலத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கையில் ஊசி குத்தி, பிள்ளை எலும்பும் தோலுமாக வீடு திரும்பினாள். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு நான் எப்படி மலை ஏறுவது? என் சாவடியைத் தாண்டித்தானே போக வேண்டும்!

பாட்டிலைப் பறிகொடுத்தவர்கள் குடிப்பதற்காகச் சாவடி ஓரத்தில் வடிகட்டிய தண்ணீர்க் குழாய் ஒன்று புதிதாக வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் எவர்சில்வர் தூக்கில் அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவது இப்போது என் வழக்கம். போன வாரம் தூக்கு பாதி நிறைந்திருந்தபோது பின்னால் நின்ற டூரிஸ்ட் ஒருவர், நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீங்க மேல இருக்கறவங்கதானே? உங்களுக்கு என்னங்க, ஓடையில அமிர்தமே ஓடும். இதை எங்களுக்கு விட்டுக் குடுக்கக் கூடாதா?"

மலையைக் காப்பாற்றுகிறவள் என்று சட்டைக்கு மேலே போட்டுக்கொள்ள எனக்கு ஒரு பச்சைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள், என் பிள்ளைக்குக் குடிக்கத்தான் மலையில் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.