மண்டபத்தில் வாங்கிய ஐஸ் கட்டி

அதிகாலையில் அய்யா இறந்துபோனார். அய்யாவுக்கு முடியவில்லை என்று கேட்டுத் தம்பி கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டதாக முந்தின நாளே தந்தி வந்திருந்தது. கப்பலும் ரயிலும் மாறி அவன் மறுநாள் காலைதான் வருவான்.

"இந்த வெயிலுக்குத் தாங்காது, இன்னைக்கே எடுத்துரணும்" என்றார் சித்தப்பா.

"ஐஸ் வச்சா தாங்கும்" என்றார் கம்பவுண்டர்.

"சரி. அது இருக்குற மட்டும் பாப்போம். கரைஞ்சா எடுத்துருவோம்."

ஏழு மணிக்கு உத்தரகோசமங்கையில் பஸ் ஏறினேன். ராமநாதபுரம் பதினோரு மைல். அங்கிருந்து மண்டபத்துக்கு ரயிலில் இருபத்து நாலு மைல். உச்சிப்புளி தாண்டினால் பனையும் மணலும்தான்.

மண்டபத்தில் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனி இருக்கிறது. வாசலிலேயே கால் குளிரும். அரைக் கட்டி இரண்டு ரூபாய். ரம்பத்தால் அறுத்து, உமி போட்டுச் சாக்கில் கட்டித் தந்தார்கள்.

ஒரு மணி ரயிலில் திரும்பினேன். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் தங்கச்சிமடத்துக் கருவாட்டுக்காரி. மீனைக் கெடாமல் வைப்பது உப்புதானே என்று நினைத்தேன். அவள் கூடையிலிருந்து இரண்டு கை உப்பு வாங்கிச் சாக்குக்குள் போட்டேன். தண்ணீர் சொட்டுவது போய் ஓட ஆரம்பித்தது.

உச்சிப்புளியில் குச்சி ஐஸ் விற்கும் பாய் ஒருவர் பெட்டியோடு ஏறினார். பார்த்ததும் கத்தினார்.

"யோவ், ஐஸுக்கு எவனாச்சும் உப்புப் போடுவானா? உருகி ஓடிப்போகும்யா!"

"கருவாட்டுக்குப் போடுறாகளே."

"கருவாடு உருகுமா?"

கருவாட்டுக்காரி சிரித்தாள்.

"யாருக்கு இது? காய்ச்சக்காரருக்கா?" என்றார் பாய்.

"அய்யாவுக்கு. காலையில செத்துப்போனாக. தம்பி நாளைக்குத்தான் வாரான்."

சிரிப்பு நின்றது. பாய் கட்டியை வெளியே எடுத்துத் தன் துண்டால் துடைத்தார். உப்புப் பட்ட உமியைக் கொட்டினார். கருவாட்டுக்காரி தன் தலைச் சும்மாட்டுத் துணியைப் பிரித்துக் கொடுத்தாள். அதில் சுற்றினோம். பாய் பெட்டியிலிருந்த குச்சி ஐஸையெல்லாம் அள்ளி நீட்டினார்.

"இனிப்பு. எறும்பு வரும் பாய்" என்றேன்.

வீடு சேர்ந்தபோது மணி நாலு. அரைக் கட்டி பாதியாகியிருந்தது. உடைத்து அய்யாவின் நெற்றியிலும் நெஞ்சிலும் விலாவிலும் வைத்தோம். விடிந்தபோது எல்லாம் சேர்ந்து ஒரு தேங்காய் அளவு இருந்தது. எட்டு மணிக்கு உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். சித்தப்பா என்னைப் பார்த்தார்.  வெளியே பாடை கட்டத் தொடங்கினார்கள்.

எட்டரை பஸ்ஸில் இறங்கித் தம்பி ஓடி வந்தான். அய்யாவின் நெற்றியில் கை வைத்தான். சட்டென்று எடுத்தான்.

"என்னண்ணே, இப்படிக் குளுருது?"

"நீ வரணும்னுதான்" என்றேன்.

மறுபடி கை வைத்தான். எடுக்கவில்லை.