வேர்வையில் போய்விடும் என்றார்கள்

அபுதாபி பக்கம் முசஃபாவில் எங்கள் ரூமில் ஆறு பேர் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த வெல்டர் தேனிப் பக்கத்துக்காரன். என்னைவிட இளையவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் லீவு முடிந்து வந்த வாரமே போர்மேன் ஒரு செய்தி சொன்னார். அடுத்த வேலை எண்ணெய் கம்பெனி சைட்டில். கேட் பாஸ் வாங்க எல்லோருக்கும் யூரின் டெஸ்ட் உண்டு.

அன்று அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவாமலே படுத்துவிட்டான். ஊர்த் திருவிழாவில் கூட்டாளிகளோடு சேர்ந்து கஞ்சா இழுத்திருக்கிறான். இங்கே அது உடம்பில் இருந்தாலே குற்றம். ஜெயில், அல்லது ஒரேயடியாக ஊர்.

நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. பீடிகூடத் தொட்டதில்லை. ஆனாலும் அன்றைக்குக் கேட்டேன்.

“அப்படி என்னப்பா இருக்கு அதுல?”

“என்னத்தண்ணே சொல்ல. தலைக்குள்ள எப்பவும் ஒரு ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும்ல, அத யாரோ நிப்பாட்டிட்ட மாதிரி இருக்கும். மேளம் அடிச்சா ஒவ்வொரு அடியும் தனித்தனியா வந்து மேல உக்காரும். வாய் காஞ்சிரும். நேரம் நகராது. ஒரு புரோட்டாவ விடிய விடியத் தின்ன மாதிரி இருந்துச்சுண்ணே.”

எதிர்க் கட்டிலில் இருந்த சாரம் கட்டுகிறவர் விழுப்புரத்துக்காரர். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“இவனுக்கு ஃபேன் நின்னுச்சாம். எனக்கு நாலு ஃபேன் சேந்து ஓடுச்சிடா. எவன் சிரிச்சாலும் என்னப் பாத்துதான் சிரிக்கிறான்னு தோணுச்சி. நெஞ்சு அடிக்கிறது பக்கத்து ஊட்டுக்குக் கேட்டுடும்னு தலகாணியக் கட்டிக்கினு கெடந்தேன். அதோட ஒரு கும்பிடு.”

எல்லோரும் சிரித்தோம். வெல்டரும் சிரித்தான். ஒரே இலைதான். ஒருவனுக்கு நிம்மதி கொடுத்திருக்கிறது, இன்னொருவருக்குப் பயம். எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு அடங்கியதும் சாரக்காரர் ஆறுதலாகச் சொன்னார்.

“வுடுடா. நம்ம ஊரா இது? இந்த வெயில்ல வேர்வையிலயே போயிடும்.”

அந்த ஒரு வார்த்தையை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

கோடையில் மதியம் வெளிவேலையை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் நிழல் தேடிப் படுப்போம். அவன் மட்டும் உடம்பு முழுக்க மூடுகிற வேலை உடுப்பான கவரால் ஒன்றுக்கு மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, கன்டெய்னருக்குப் பின்னால் வெயிலில் போய் உட்காருவான். தண்ணீரும் குடிக்கமாட்டான். சிறுநீர் வெறும் தண்ணீர்போல இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் பாட்டிலோடு போனால், “வேணாம்ணே, நீ போய்ப் படு” என்பான். டெஸ்ட் நாள் நெருங்க நெருங்க அவன் கண் குழிந்துகொண்டே போனது.

ஒரு மதியம் போனபோது சுவரில் சாய்ந்து கிடந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“அண்ணே, அதே மாதிரி இருக்குண்ணே. சத்தமெல்லாம் தள்ளிக் கேக்குது. வாய் காஞ்சிருச்சு. நேரம் நின்னு போச்சு. அது வெளிய வருதுண்ணே.”

கழுத்தைத் தொட்டேன். தோசைக்கல்போலச் சுட்டது. வேர்வை ஒரு சொட்டு இல்லை. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த வெயிலில் வேலை செய்கிற எவனுக்கும் தெரியும், வேர்வை நின்றுபோனால் வெயில் தாக்கிவிட்டது, உயிருக்கே ஆபத்து என்று. அவனை நிழலுக்கு இழுத்துப் போட்டு, பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு போனை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“ஆஸ்பத்திரி வேணாம்ணே. அங்க யூரின எடுத்து டெஸ்ட் பண்ணிருவாங்க. எம் பிள்ளைகள நெனச்சுப் பாரு.”

நினைத்துப் பார்த்தேன். போட்டோவில் பார்த்த பிள்ளைகள்தான். கூப்பிட்டாலும் அவர்கள் முகம், கூப்பிடாவிட்டாலும் அவர்கள் முகம். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். திட்டக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஐஸ் வைத்தார்கள். இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினார்கள். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர் என்னிடம் வந்தார்.

“அண்ணே, மாத்திரை, போதை எதாவது எடுத்தாரா? மறைக்காதீங்க.”

“வெயில்ல உக்காந்திருந்தான்மா.”

“இந்த வெயில்ல எதுக்கு?”

கையில் வைத்திருந்த அவன் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சிறுநீருக்குக் குழாய் போட்டுக் கட்டிலோரம் ஒரு பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது வெறுமையாகவே கிடந்தது. கிட்னி போயிருக்குமோ என்று டாக்டர் பயப்படுவதாக நர்ஸ் சொன்னார். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது நிறைய வேண்டும் என்று வேண்டினேன். வேண்டும்போதே, நிறைந்தால் அதிலிருந்தே டெஸ்டுக்கும் எடுப்பார்கள் என்பது ஞாபகம் வந்தது.

சாயங்காலம் குழாயில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது.

“பாத்தியளா அண்ணே, யூரின் வருது. இனி பயமில்ல” என்று நர்ஸ் சிரித்தார். என் தோளைக்கூடத் தட்டினார். பிறகு ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் பிடித்து, மூடியை இறுக்கி, அவன் பெயரை அதன்மேல் ஒட்டினார். அதை எடுத்துக்கொண்டு லேப் என்று எழுதியிருந்த கதவுக்குள் போனார்.