சிபியு டப்பாவும் தபால்காரம்மாவும்

கும்மிடிப்பூண்டியில் நடத்திவந்த பிரவுசிங் சென்டரை மூடியபோது எனக்கு மிஞ்சியது ஒரு காலி சிபியு டப்பாதான். உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் எடைக்குப் போட மனம் வரவில்லை. வாசல் கேட்டை ஒட்டிய சுவர்மேல் வைத்துவிட்டு, ஞாயிறுதோறும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் அம்மா ஒல்லியானவர். புடவைமேல் காக்கிச் சட்டை போட்டிருப்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். ஏறி ஓட்டி நான் பார்த்ததில்லை. எதிரே ஆள் இல்லாவிட்டாலும், உறைமேல் உள்ள பெயரை உரக்கப் படிக்காமல் எந்தத் தபாலையும் போடமாட்டார்.

ஒரு காலை வாசலில் என் பெயர் கேட்டது. எட்டிப் பார்த்தேன். டப்பாவில் சிடி டிரைவ் பொருத்துவதற்கான ஓட்டைக்குள் கடிதத்தை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது லெட்டர் பாக்ஸ் இல்ல. எடைக்குப் போட வெச்சிருக்கேன்."

"இன்னா சார் நீ! கேட்ல சொருவுனா மழைல நனஞ்சி பேஜாரா பூடுது. இது எவ்ளோ தோதா கீது. இத்தப் போயி எடைக்குப் போடுவியா?"

அவர் போனதும் பக்கத் தகட்டைக் கழற்றினேன். இரண்டு கடிதங்கள் இருந்தன. அடியில் கிடந்தது தாலுகா அலுவலகக் கம்ப்யூட்டர் வேலைக்கான நேர்காணல் கடிதம். வரும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, அந்த ஓட்டையின் பிளாஸ்டிக் மூடியும் பத்திரமாக இருந்தது.

அந்த மூடியை நான் கழற்றியதே இல்லை.

இதுவரை அவரிடம் கேட்கவுமில்லை. டப்பாமேல் என் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். வாய்விட்டுப் படிக்கட்டும்.