கிளினிக்குக்கு முதல் நாள்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். குசினியில் அடுப்போடு நான். விறாந்தையில், கதிரையில் கால் நீட்டியபடி மகள். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த என் கணவர். வாசல் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்ற கொடிகாமத்துத் தேத்தண்ணிக்கடைக்காரர். வேறு ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டார்கூடக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அதை மட்டும் இன்றைக்கும் ஒரு ஆறுதலாக நினைக்கிறேன்.

கடைக்காரர் எதற்கு வந்தார் என்று சொல்வதற்கு முன், அதற்கு முந்திய மூன்று மாதமும் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும்.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டபோது, ஒரு சிறுநீரகம் கிடைக்கும் வரை என்றார்கள். எனக்கு நீரிழிவு, என்னுடையதை எடுக்க மாட்டார்கள். வேறு பிள்ளைகளும் இல்லை. அவளுடைய தகப்பனுடையது பொருந்தியது. ஆனால் அவருக்குத் தொண்ணூற்றேழு கிலோ. எண்பத்தைந்துக்கு இறங்கினால்தான் வெட்டலாம் என்று டொக்டர் சொன்னார். மாதம் ஒரு தரம் கிளினிக்குக்கு வந்து நிறை காட்ட வேண்டும். என் பிள்ளைக்கும் அவள் உயிருக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோ நின்றது.

கிளினிக்கில் ஒரு தாள் தந்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி, எதில் எவ்வளவு என்று கட்டம் போட்டிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இடம்பெயர்ந்த வருடம் படிப்பு நின்றது, பிறகு போகவில்லை. கூட்டுவேன், கழிப்பேன், பெருக்கல் வராது. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். என் கையில் அந்தத் தாள். மகள் பழைய கொப்பி ஒன்றைத் தந்தாள். அதில் நாள் போட்டு, காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று கோடு கிழித்து, அவர் சாப்பிட்டதெல்லாம் எழுதினேன். கிளினிக் நாட்களைச் சிவப்புப் பேனையால் வளைத்துவிட்டேன்.

தேங்காயில்தான் தொடங்கினேன். எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரு தேங்காய் உடைபடும். அதை நாலு நாளைக்கு ஒன்றாக்கினேன். சொதிக்குத் தேங்காய்ப்பால் விடாமல், கொழுப்பில்லாத பால்மாவைக் கரைத்து விட்டேன். முதல் நாள் அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய் பிழிந்து பால் திரைந்துபோயிற்று. பிறகு இறக்கி ஆறவிட்டுப் பிழியப் பழகினேன். சம்பலுக்குத் தேங்காய்ப்பூவுக்குப் பதில் கரட்டைத் துருவி வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டேன். குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் முருங்கையிலையும் சின்ன இறாலும் சேர்த்துக் கீரைப்புட்டு அவித்தேன். பொரிக்கிற மீனைப் புளி விட்டு அவித்தேன். இடியப்பம் எட்டுச் சாப்பிடுகிறவருக்கு மூன்று வைத்தேன். எங்கள் பக்கத்தில் சாப்பிடுகிறவரின் தட்டைப் பார்த்து எண்ணுகிற வழக்கம் இல்லை. போதும் என்று அவர் கை மறிக்கும் வரை போட வேண்டும். நான் எண்ணிப் போட்டேன். போடும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

"என்னப்பா, கோழிக்குத் தீன் வைச்சிருக்கு?" என்று மகள் சிரிப்பாள்.

"கோழிக்கெண்டாலும் முட்டை போடுமெண்டு ரெண்டு பிடி கூடப் போடுவினம்" என்பார் அவர்.

"நீங்களும் ஒண்டு போடத்தானே போறியள். அது என்ரை பக்கம் வரும்."

அவள் இப்படிச் சொல்லும்போது அவரும் சிரித்தார். சிரித்ததாகத்தான் ஞாபகம்.

மகளுக்கு வேறு சமையல். அவளுக்குக் கீரை ஆகாது, வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது. உருளைக்கிழங்கைக்கூடச் சின்னதாக வெட்டி ஊறவிட்டு, அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்கலாம். குடிக்கிற தண்ணீரும் அளவு. அவருக்கு நல்லது அவளுக்கு நஞ்சு. சட்டி மாறிவிடுமோ என்ற பயத்தில் அவளுடைய மூடிகளில் சிவப்பு நூல் கட்டிவைத்தேன். இரண்டிலும் மிஞ்சியதை நான் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் போனோம். தொண்ணூற்றேழு. ஒரு புள்ளி அசையவில்லை. நேர்ஸ் பிள்ளை என் கொப்பியை வாங்கிப் பார்த்தது.

"அம்மா, சோறு ஒரு கப் எண்டு எழுதியிருக்கிறியள். அரிசியா அளந்தனீங்களோ, சோறா அளந்தனீங்களோ?"

அரிசியாக. எங்கள் வீடுகளில் அரிசியைத்தான் அளப்போம், சோற்றை யார் அளப்பது? ஒரு கப் அரிசி வெந்தால் மூன்று கப் சோறு என்று அந்தப் பிள்ளை சொன்னது. ஒரு மாதமாக என் பிள்ளையின் நாட்களை நானே சோறாக்கிப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன். அவர் யன்னல் பக்கம் பார்த்தபடி, "விடும். தெரியாமல் நடந்தது" என்றார். எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்தேன்.

அதன் பிறகு சோற்றை அளந்தேன். அதிலும் நம்பிக்கை வராமல், அவர் மரக்கறி நிறுக்கிற தராசை எடுத்துச் சோற்றை நிறுத்தேன். அவர் கோப்பாய்த் தோட்டங்களில் வெங்காயமும் மரக்கறியும் எடுத்து, லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் கொடிகாமச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவர். விற்ற காசை ஒரு சதம் குறையாமல் என் கையில் தருவார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது காணாது, ஆனாலும் தருவார். சந்தைக்குப் போகும்போது மத்தியானச் சாப்பாட்டைச் சின்னப் பெட்டியில் கட்டிக்கொடுப்பேன். பெட்டி கழுவித் திரும்பி வரும். அதைக் கொப்பியில் சரி போடுவேன்.

இரண்டாவது மாதம் தொண்ணூற்றெட்டு.

டொக்டர் ஒன்றும் ஏசவில்லை. "வேறை ஆரும் சொந்தத்திலை இருக்கினமோ எண்டும் பாருங்கோவன்" என்றார். அது ஏச்சைவிடப் பெரிதாக இருந்தது. என் கணவர் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வேறு எங்கே பிழைவிட்டேன் என்று கொப்பியைத் தலைகீழாகப் பார்த்தேன். எண்ணெய்யா? நான் அளந்த கரண்டி பெரிதா? அவருடைய இராச்சாப்பாட்டைப் பாதியாக்கினேன். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, கடிக்கப் பனங்கட்டியும் இல்லை. பசியால் அவர் தலை சுற்றி விழுந்துவிடுவாரோ என்று ஒரு பயம். விழாவிட்டால் நிறை இறங்காதோ என்று இன்னொரு பயம். கட்டிய மனுசன் மெலிய வேண்டும் என்று தினம் சாமிக்குப் பூ வைத்தேன்.

மூன்றாவது மாதமும் தொண்ணூற்றெட்டுத்தான். அன்று வீடு திரும்பியவர் காய்ச்சல் என்று படுத்தார். காய்ச்சல் போன பிறகும் சந்தைக்குப் போகவில்லை. உடம்பு அலுப்பாக இருக்கிறது என்றார். நான் கொடுக்கிறது காணாமல்தான் உடம்பு விழுந்துவிட்டது என்று அதையும் என் தலையிலேயே போட்டுக்கொண்டேன். பத்து நாள் அப்படிப் போயிற்று. பதினோராம் நாள் காலைதான் கடைக்காரர் வந்தார்.

"அக்கா, அண்ணை நிக்கிறாரோ? உதாலை ஒரு அலுவலா வந்தனான். பத்து நாளாக் கடைப்பக்கம் காணேல்லை, சுகமில்லையோ எண்டு பாத்திட்டுப் போவமெண்டு..."

அவரைக் கண்டதும் என் கணவர் கிணற்றடியை விட்டு வரவில்லை. வாளியைக் கையில் பிடித்தபடி நின்றார். நான் கடைக்காரரை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டேன்.

"காய்ச்சல் தம்பி. இப்ப பறவாயில்லை. தேத்தண்ணி குடியுங்கோ."

"வேண்டாமக்கா." அவர் சேர்ட்டுக்குள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். "சொல்லக் கூச்சமாக் கிடக்கு. பிள்ளையின்ரை வருத்தமும் தெரியும். எனக்கும் மாச் சாமானுக்குக் காசு கட்ட வேணும். அண்ணை தாறன் தாறன் எண்டு மூண்டு மாசம்..."

"என்ன காசு?"

"சாப்பிட்ட காசக்கா."

கடைக்காரரின் கிறுக்கல் எழுத்தைக் கூட்டி வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும். கொப்பியை மகள் வாங்கினாள். கடைக்காரர் நேர்மையான மனுசன், ஒவ்வொரு நாளும் என்ன கொடுத்தது என்று நாள் போட்டு எழுதியிருந்தார். மகள் சத்தமாக வாசித்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிளேன்ரீ ஒன்று, வடை ஒன்று. பிளேன்ரீ ஒன்று. அடுத்த நாள் ஒன்றும் இல்லை. வடை இரண்டு.

"களவாய் வடை திண்டிருக்கிறார் அம்மா உங்கடை மனுசன்" என்றாள். "இதுக்கோ நீங்கள் தராசு பிடிச்சனீங்கள்?"

பிறகு வாசிப்பு நின்றது. அவள் ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்கடை கொப்பியைத் தாங்கோ."

கொடுத்தேன். இரண்டு கொப்பியையும் மடியில் விரித்து வைத்தாள். நான் சிவப்பில் வளைத்த நாளில் ஒரு விரல், கடைக்காரரின் கொப்பியில் மற்ற விரல். கிளினிக்குக்கு முதல் நாள்: கோழிக்கொத்து இரண்டு, றோல்ஸ் ஆறு, பெரிய சோடா ஒன்று. அதற்கு முந்திய மூன்று நாளும் கொத்து, பராட்டா, இறைச்சி. கிளினிக் முடிந்த அடுத்த நாள்: பிளேன்ரீ ஒன்று. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும், காய்ச்சல் என்று படுக்கும் வரை, அப்படியே.

பசிக்குச் சாப்பிட்டவர் தினமும் சாப்பிட்டிருப்பார். இவர் தராசுக்குச் சாப்பிட்டிருந்தார்.

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னக்கா, கணக்குப் பிழையோ?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. உங்கடை கணக்குச் சரி."

மொத்தம் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா. ஆஸ்பத்திரிக்குப் போக பால்மா ரின்னில் வைத்திருந்த ஐயாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். மிச்சத்தை மெல்ல மெல்லத் தருகிறேன் என்றேன். அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், ஒழுங்கை முடக்கில்தான் ஸ்ராட் பண்ணினார்.

கணவர் வந்து விறாந்தைப் படியில் இருந்தார். அவருடைய காலில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ" என்றேன். மகளின் மடியில் கிடந்த கொப்பிகளைக் காட்டினேன்.

"எனக்குப் பயமாக் கிடந்தது" என்றார். "ஓமெண்டு சொல்லிப்போட்டன். பேந்து இல்லையெண்டு சொல்ல ஏலாமல் போச்சு. கத்தி வைக்கிறதை நினைச்சா எனக்குக் கை கால் ஓடாது. நான் போனா உங்கள் ரெண்டு பேரையும் ஆர் பாக்கிறது? நிறை இறங்காட்டி, அவையளே வேண்டாமெண்டு விடுவினம் எண்டு..."

நான் மூன்று மாதம் பயந்த பயம் எல்லாம் கரண்டிக்கும் கப்புக்கும் பயந்தது. பயப்படுகிற வேலை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். முன்னால் இருந்து சாப்பிட்ட மனுசனின் முகத்தை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் தட்டையே பார்த்தேன்.

மகள் இரண்டு கொப்பியையும் மூடினாள். அவள் அழவில்லை. கையில் ஊசி போட்டு வீங்கின இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் பயம்தான் அப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, இனி அப்பான்ரை சோத்தை நிறுக்காதேங்கோ" என்றாள்.

நான் நிறுக்கவில்லை. அன்று மத்தியானம் முழுத் தேங்காய் உடைத்துப் பால் பிழிந்து சொதி வைத்து, அவர் கை மறிக்கும் வரை போடுவோம் என்று நின்றேன். இரண்டாம் அகப்பைக்கே கை மறித்தார். போட்டதையும் பிசைந்துவிட்டு எழும்பிப் போனார். அடுத்த நாளும் அப்படித்தான். இடியப்பம் ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருப்பார். கொடிகாமத்துக்கு இப்போது போவதில்லை. நெல்லியடிச் சந்தைக்குத்தான் போகிறார். அங்கேயும் சாப்பிடுவதில்லை என்று சந்தைக்கு வருகிற ஒருவர் சொன்னார். சேர்ட் தோளிலிருந்து தொங்குகிறது. ஐந்து மாதத்தில், ஒருவரும் அளக்காமல், ஒரு கலோரியும் எழுதாமல், அவருக்கு எண்பத்து நாலு கிலோ. அதை அவரே எங்கோ போய் நிறுத்துவிட்டு வந்து சொன்னார். சொன்னதற்கு அடுத்த கிளினிக் நாள், வெள்ளைச் சேர்ட் போட்டுத் தலை வாரி, விறாந்தையில் வந்து நின்றார்.

"வா பிள்ளை, போவம். இப்ப சரி."

"நான் வரேல்லையப்பா."

"நான் மனசாரத்தான் சொல்லுறன்."

"இல்லையப்பா. பயந்து மூண்டு மாசம் ஒளிச்சதை வாங்கி என்ரை வயித்துக்கை வைச்சுக்கொண்டு, நான் எப்பிடி உங்களுக்கு முன்னாலை இருந்து சாப்பிடுறது?"

அவர் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன், காலைப் பிடித்தேன். அவள் டொக்டரிடமே போய், அப்பாவுடையது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போதும் கிழமைக்கு இரண்டு தரம் மெசினுக்குப் போகிறாள். போய் வந்த அன்று அவளால் எங்கள் விறாந்தைப் படி இரண்டையே ஒரே மூச்சில் ஏற முடிவதில்லை. அவளுடைய சட்டி மூடிகளில் சிவப்பு நூல் இன்னும் இருக்கிறது. அவர் சாப்பாட்டை நான் எழுதிய கொப்பியில் மிச்சப் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றில் இப்போது கடைக்காரருக்குக் கொடுக்கிறதை எழுதுகிறேன், என் கணவர் கொடிகாமத்துக்குப் போகாதபடியால் பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். இதுவரை கொடுத்தது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. இன்னும் கொடுக்க இருப்பது ஆறாயிரத்து நூற்று நாற்பது ரூபா.